முன் கூடையில் கறுப்பு மண்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கெஞ்சி உட்கார வைக்க மாட்டேன். இதில் ஒரு வார்த்தைகூட நான் ஜோடித்தது இல்லை. மணி எல்லாம் என் கைபேசியில் பார்த்த மணி. சந்தேகம் இருந்தால் எங்கள் மலையூர் தலுன்சாரிக்கு வாருங்கள். நான் சொல்லும் கல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

என் பெயர் சுதார்மி. வயது நாற்பத்து மூன்று. உருளைக்கிழங்கு போடுகிறேன். கணவர் கடல் தாண்டிக் கலிமந்தானுக்கு வேலைக்குப் போனார். போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்னும் வேலை முடியவில்லை போலிருக்கிறது. இரண்டு பெண்களை நான்தான் வளர்த்தேன். மலைச்சரிவில் அப்பா விட்டுப் போன ஒரு துண்டு நிலம், அதன் ஓரத்தில் ஓர் ஊற்று. எங்கள் சோறு அந்த ஊற்றில்தான் இருக்கிறது. கோடையில் அது இல்லையென்றால் கிழங்கு சுண்டைக்காய் அளவுகூட வராது.

ஊற்றுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா மகன் கஸ்மிஜானின் நிலம். என்னைவிட ஐந்து வயது இளையவன். ஊற்று தன்னுடையது என்பான். எல்லை என் பக்கமாக நான்கு தப்படி தள்ளி இருந்ததாம். அவன் அப்பா மார்த்தோ சுமத்ராவில் மூன்று வருடம் தோட்ட வேலைக்குப் போயிருந்தபோது, என் அப்பா ஜோயோ எல்லைச் செடிகளை நகர்த்திவிட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லியே சித்தப்பா செத்தார். மகன் அதையே சொத்தாக வாங்கிக்கொண்டான்.

எங்கள் ஊரில் எல்லைக்கு நடுவது அந்தோங். சிவந்த இலைச் செடி. வயல் ஓரத்திலும் அதுதான், கல்லறை ஓரத்திலும் அதுதான். கிளையை ஒடித்து எங்கே குத்தினாலும் பிழைக்கும். அதனால் செடியை மட்டும் நம்பக்கூடாது என்று தாத்தா காலத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். செடிக்கு அடியில் ஆற்றுக்கல் ஒன்றைப் புதைப்பார்கள். அதன் கீழே மூன்று கரித்துண்டுகள். கரி மக்காது. கல்லில் இரு வீட்டாரும் சுண்ணாம்பு தொட்டு ஆளுக்கொரு கோடு போடுவார்கள். பிறகு அதைத் தோண்டுவதென்றால் இரு வீட்டாரும் சேர்ந்து நிற்க வேண்டும்.

சித்தப்பா தோண்டலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா ஒருநாளும் போய் நிற்கவில்லை. "கூடப் பொறந்தவனே என்னைத் திருடன்னு சொல்றான். நான் ஏன் போய் நிக்கணும்?" என்பார். அப்பாவின் ரோஷத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரே மழைக்காலத்தில், பதினோரு நாள் இடைவெளியில், இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருடமே அந்தப் பேச்சும் தொடங்கியது. பனி இறங்கும் பிற்பகலில், பழைய குதிரைப் பாதையில், யாரோ தோள்கம்பில் பாரம் சுமந்து போகும் சத்தம் கேட்கிறதாம். க்ரீக்... க்ரீக்... மூங்கில் வளையும் சத்தம். ஆள் தெரியாது. நிலம் திருடியவனும் திருட ஆசைப்பட்டவனும் அந்த மண்ணைச் சுமந்து அலைவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது மார்த்தோதான் என்று ஊரே முடிவு கட்டியது.

முதலில் சொன்னது யார் தெரியுமா? நான்தான். தண்ணீர்க் குழாயடியில், பத்துப் பேர் நடுவில், கஸ்மிஜானின் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"உங்கப்பன் சுமக்கிறாருடா. போய் ஒரு கை கொடு."

அன்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சென்ற அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. கிழங்கு விற்க வோனோசோபோ சந்தைக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை நில அளவைக்காரர்கள் வருவதாக இருந்தது. ஊர் முழுக்கப் பட்டா கொடுக்கிறார்கள். எல்லைக்காரர்கள் நேரில் நின்று, இதுதான் எல்லை என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். மதியம் 1.20-க்கு என் மூத்த பெண் போன் செய்தாள்.

"அம்மா, இன்னிக்கே வந்துட்டாங்க. நம்ம வயலுக்கு நாலரைக்கு வருவாங்களாம். நீ இல்லேன்னா மாமா காட்டுறதுதான் எல்லையாம்."

"யாரு வரச் சொன்னது?"

"மாமாதான் கூட்டிட்டுச் சுத்துறாரு."

இருக்கட்டும்டா கஸ்மிஜான், வருகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். காடிசோனோ வழியாகப் போகும் பஸ். அதுதான் சீக்கிரம் போகும். அப்பா மட்டும் சாகும்வரை அந்த வழியில் ஏறியதே இல்லை. மலையைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் அதிகமாகப் போவார். அந்த வழியில் வளைவு அதிகம், வாந்தி வரும் என்பார். நாங்கள் அவரைக் கேலி செய்வோம்.

2.50-க்கு பஸ் நின்றது. மேலே கோஸ் லாரி கவிழ்ந்து கிடந்தது. ரோடு முழுக்க முட்டைக்கோஸ். பைக்குகூடப் போக வழியில்லை. அரை மணி நேரம் காத்திருந்தேன். லாரி அசையவில்லை. 3.25-க்கு காலிச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிரைப் பாதைப் பக்கம் திரும்பினேன். அங்கே சோயா வில்லை, எங்கள் தெம்பே, பொரித்துக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியை நீட்டித் தடுத்தாள்.

"அந்தப் பக்கமா போற? பனி இறங்குது பாரு."

"இறங்கட்டும்."

"மார்த்தோ நடக்கிற நேரம்டி."

"அவரு எங்க சித்தப்பாதான். பார்த்தா நலம் விசாரிச்சிட்டு வரேன்."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் சூடாக இரண்டு தெம்பே வாங்கித் தின்றுகொண்டே நடந்தேன். பயம் என்று ஒன்று எனக்கு அப்போது இல்லை. சத்தியமாக இல்லை. கோபம் இருந்த இடத்தில் வேறு எதற்கும் இடமில்லை.

3.41. பனி முழங்கால்வரை வந்தது. 3.46. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பாதையின் இரு பக்கமும் கல் கட்டு. பள்ளத்தில் ஓடும் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

3.52. ஓடைச் சத்தம் நின்றது.

குறையவில்லை. நின்றது. குழாயை மூடியதுபோல.

பிறகுதான் அது கேட்டது.

க்ரீக்... க்ரீக்...

பின்னால். கொஞ்ச தூரத்தில்.

இது கஸ்மிஜான் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்ப யாரையோ ஏவியிருக்கிறான். குனிந்து கல் ஒன்றை எடுத்தேன்.

"யாருடா அது? வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

நான் நடந்தேன். சத்தமும் நடந்தது. நான் நின்றேன். சத்தம் மட்டும் நிற்கவில்லை. அதே வேகத்தில் நெருங்கிக்கொண்டே வந்தது. பாரம் சுமப்பவன் நின்றால் திரும்பக் கிளம்புவது கஷ்டம். அப்படிப்பட்ட நடை.

ஒன்று கவனித்தேன். கம்பு வளையும் சத்தம் இருக்கிறது. கால் சத்தம் இல்லை.

4.03. வளைவில் பாதை குறுகும் இடம். சத்தம் பின்னால்தான் இருந்தது. ஆனால் ஆள்... முன்னால் நின்றார்.

தலையில் அகலமான மூங்கில் தொப்பி. தோளைச் சுற்றிப் போர்த்திய லுங்கி. முகம் தொப்பிக்குள் இருட்டு. என் தலைமுடியிலிருந்து பனி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் லுங்கியில் ஒரு துளி ஈரம் இல்லை.

இடது தோளில் கம்பு. இரண்டு முனையிலும் கூடை. இரண்டிலும் மண்.

முன் கூடையில் கறுப்பு மண். ஈரமான மண். ஊற்றடி மண் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். பின் கூடையில் செக்கச்செவேல் என்று சிவப்பு மண்.

எங்கள் ஊரில் சிவப்பு மண் கிடையாது.

"பாரம், புள்ள..." என்றார். காய்ந்துபோன குரல். "ஒரு பக்கமாச்சும் எறக்கி விடு."

எங்கள் மலையில் பாரம் சுமப்பவர் இப்படிக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். எதிரியாக இருந்தாலும் கூடையைப் பிடித்து இறக்கி வைத்துவிட்டுத்தான் சண்டை போடுவார்கள். என் கையும் தானாக நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"எந்த மண்ணு அது?"

"ஊத்தடி மண்ணு."

பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் ஆத்திரம். ஒன்பது வருடமாக ஊர் பேசியது நிஜம்தான். என் சொத்து என் கண் முன்னால் கூடையில் இருக்கிறது.

"அப்ப அது என் மண்ணு. எங்கப்பா மண்ணு. எறக்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன். ஒரு பிடிகூடக் கொறையாம, உலகம் அழியுற வரைக்கும் நீயே சுமந்துக்கிட்டுக் கெட."

கத்தினேன். என் குரல் கல் கட்டில் மோதித் திரும்பி வந்தது.

அவர் தொப்பி மெல்லக் குனிந்தது.

"சரி, புள்ள."

அவ்வளவுதான்.

கம்பு என்னைக் கடந்து போனது. ஒதுங்க இடமில்லாத பாதை. கூடை என் மேல் உரசியிருக்க வேண்டும். உரசவில்லை.

க்ரீக்...

க்ரீக்...

ஓடைச் சத்தம் திரும்ப வந்தது. மணி 4.10.

ஓடினேன். கீழே விழுந்து முழங்கை சிராய்ந்தது. 4.27-க்கு வயலில் நின்றேன். அளவைக்காரர்கள் இரண்டு பேர், பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று பேர், கஸ்மிஜான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது.

"வந்துட்டியாக்கா. பஸ் இல்லேன்னாங்க?"

"கால் இருக்குடா எனக்கு. வழியில உங்கப்பாவைப் பார்த்தேன். மண்ணு கனமா இருக்காம்."

"வாயை அடக்கு. இத்தனை பேச்சு எதுக்கு? இப்பவே தோண்டுவோம். நீயும் நில்லு, நானும் நிக்கிறேன். கல்லு எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும்."

"எங்கப்பா நிக்காத இடத்துல நான் ஏன்டா நிக்கணும்?"

இரு வீட்டாரும் ஒப்பாமல் தோண்டக்கூடாது என்று பக்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகென்ன, செடிதான் சாட்சி. முப்பது வருடமாக அந்தோங் வரிசை அங்கேதான் இருக்கிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள். கஸ்மிஜான் வெகுநேரம் அந்தச் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் கையெழுத்துப் போட்டான். ஊற்று எழுத்துப்படி எனக்கு வந்தது. அன்றிரவு கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். என் பெண்களோடு சேர்ந்து சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

ஆனால் அவன் அந்தச் செடிகளைப் பார்த்த பார்வை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்தக் கல்லை எடுத்து அவன் வாசலில் வீசினால்தான் அவன் வாய் நிரந்தரமாக மூடும் என்று தோன்றியது. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. மறுநாள் காலை 5.40-க்கு மண்வெட்டியோடு தனியாக வயலுக்குப் போனேன்.

முதல் அந்தோங்கின் அடியில் தோண்டினேன். முழங்கை ஆழம் போனேன். கல் இல்லை.

இன்னும் ஆழமாகத் தோண்டினேன். இடுப்பளவு. கரியும் இல்லை.

இரண்டாவது செடி. இல்லை.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். குளிரில் மூச்சு புகைந்தது. பிறகு என் கால்கள் தாமாகவே என் நிலத்துக்குள் நடந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஊற்றைத் தாண்டி, என் பக்கம்.

ஆறாவது வெட்டில் 'ணங்' என்றது.

கையால் மண்ணை விலக்கினேன். ஆற்றுக்கல். அதன் மேல் இரண்டு வெள்ளைக் கோடுகள். அடியில் விரலை விட்டேன். கரி. மூன்று துண்டு.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நேற்றே கண் பார்த்திருந்தது, புத்திதான் பார்க்கவில்லை.

மார்த்தோ சித்தப்பா வலது தோளில் சுமப்பவர்.

என் அப்பா இளவயதில் காய்கறி லாரியிலிருந்து விழுந்து வலது தோள் எலும்பை முறித்துக்கொண்டார். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க... இடது தோள்.

சரி புள்ள என்றாரே. உலகம் அழியும்வரை சுமந்துகொண்டு கிட என்றதற்கு, சரி புள்ள என்றாரே.

குழியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. கல்லைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கையெழுத்தும் ஆகிவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் ஊற்று எனக்கு. எனக்குப் பின் என் பெண்களுக்கு. மூன்று நாளும் அப்பாவோடு மனதுக்குள் சண்டை போட்டேன். யாருக்காகத் திருடினாய்? எங்களுக்காகத்தானே. நான் சின்னவளாக இருந்தபோது அம்மா தண்ணீருக்குப் பள்ளத்தில் இறங்கி ஏறி இடுப்பொடிந்து கிடந்தாள். அந்த வருடம்தான் அப்பா ஊற்றைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். கண்டுபிடிக்கவில்லை, எடுத்துக்கொண்டார். அதைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன்.

நான்காம் நாள் காலை குழாயடியில், அதே பத்துப் பேர் நடுவில், கஸ்மிஜானைக் கூப்பிட்டேன்.

"மண்வெட்டி எடுத்துக்கிட்டு வாடா. கல்லைத் தோண்டலாம். நான் நிக்கிறேன்."

"இப்ப எதுக்கு? கையெழுத்துதான் ஆயிடுச்சே."

"வான்னா வா. பனியில சுமக்கிறது உங்கப்பா இல்ல. எங்கப்பா."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் என்னைத் தனியே இழுத்து, செத்தவர் பெயரை நீயே கெடுக்கிறாயே, ஒரு விருந்து வைத்து மந்திரம் ஓதினால் போகிறது, நிலத்தை ஏன் விடுகிறாய் என்றார். விருந்து சாப்பிட நீங்கள் வருவீர்கள், சுமை இறக்க வருவீர்களா என்று கேட்டேன். போய்விட்டார்.

இருவரும் நின்று தோண்டினோம். கல்லைப் பார்த்ததும் கஸ்மிஜான் அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதான். அந்தோங் வரிசை முழுவதையும் நானே பிடுங்கி நான்கு தப்படி தள்ளி நட்டேன். அளவைக்காரர்களிடம் போய்த் தாளையும் மாற்றி எழுத வைத்தேன்.

"தண்ணிக்கு ஒரு குழாய் போட்டுக்கக்கா," என்றான்.

"போடுவேன். உன்னைக் கேட்டுத்தான் போடுவேன். அதுக்குக் கூலியா உன் கிழங்குக்கும் நான்தான் களையெடுப்பேன். சும்மா வேணாம்."

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த முறை பனி இறங்கிய நாள், 3.50-க்கு, அந்த வளைவில் போய் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று தடுத்த எல்லோரையும் மீறித்தான் போனேன். அவர் வரக்கூடாது என்று ஆசை. வந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் ஆசை.

4.03.

ஓடை நின்றது.

க்ரீக்...

சத்தம் மாறியிருந்தது. கோணலான சத்தம்.

பனிக்குள்ளிருந்து வந்தார். இடது தோள். முன் கூடை காலி. காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பின் கூடை நிறையச் சிவப்பு மண். ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் கம்பு நிற்காது, கவிழும். அவர் இரண்டு கையாலும் முன் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அப்பா!"

நின்றார்.

ஓடிப்போய்ப் பின் கூடையைப் பிடித்தேன். இந்த முறை கையில் பட்டது. பச்சை மூங்கிலின் குளிர்ச்சி. தூக்கினேன். முழு பலத்தையும் கொடுத்துத் தூக்கினேன். மலையைத் தூக்குவதுபோல இருந்தது. மயிரளவும் அசையவில்லை.

"அது நம்ம ஊர் மண்ணு இல்ல, புள்ள," என்றார்.

கையில் இருந்தது வெறும் பனி. 4.10.

மறுநாள் காய்கறி லாரி ஓட்டுகிறவனைப் பிடித்துக் கேட்டேன்.

"இந்தப் பக்கம் செவப்பு மண்ணு எங்கய்யா இருக்கு?"

"இந்த மலையில ஒரே எடம்தான்க்கா. காடிசோனோ. ரோட்டுல தெரியாது, உள்ள எறங்கினா செருப்பெல்லாம் செவந்துரும். ஏன், உனக்கு அங்க யாரும் இருக்காங்களா?"

காடிசோனோ. வளைவு அதிகம், வாந்தி வரும் என்று அப்பா சாகும்வரை கால் வைக்காத ஊர். அவருக்கு அங்கே யாரைத் தெரியும், கல்யாணத்துக்கு முன் எங்கே இருந்தார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. நாங்கள் கேலிதான் செய்தோம்.

இதைச் சொல்லி முடிக்கும்போது மணி மாலை 6.15. மண்வெட்டியைத் தீட்டிக் கதவருகில் வைத்திருக்கிறேன். காலையில் முதல் பஸ்ஸில் காடிசோனோவுக்குப் போகிறேன். அந்த ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. எல்லா வீட்டையும் தட்டுவேன். திருடன் மகள் வந்திருக்கிறேன், உங்கள் கல் எங்கே இருக்கிறது என்று கேட்பேன்.